பியானோவுக்குள் ஒரு பதினைந்து வாட் பல்பு

டீச்சர்,

இன்று காலை ஒரு பேனல் கதவைத் திறந்தேன். துணைமின் நிலையத்தின் மூலையில் நிற்கும் இரும்பு அலமாரி அது. உள்ளே ஈரம் கட்டக்கூடாது என்பதற்காக அடியில் ஒரு சின்ன ஹீட்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். கதவு திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. எலி மூத்திரம், சூடான தூசி, கருகத் தொடங்கிய ரப்பர். இந்த மூன்றும் சேர்ந்தால் வரும் வாசனைக்கு என் மூக்கு ஒரே பெயர்தான் வைத்திருக்கிறது: உங்கள் பியானோ.

திறப்பதற்கு முன்னால் விரல் முட்டியால் கதவைத் தட்டினேன். தட்டிவிட்டுக் கொஞ்சம் நின்றேன். பின்னால் நின்ற ஹெல்பர் கஜேந்திரன் சிரித்தான்.

"இன்னா சார், உள்ள யார்னா குளிச்சிக்கினு இருக்காங்களா?"

"எலி இருக்குது."

"எலிக்குக்கூட மரியாதையா சார்?"

"மரியாதை இல்லடா. திறந்த உடனே அது உன் மூஞ்சி மேல தாவுச்சின்னா உன் கை எங்க போவும்? நேரா கரண்ட்டு மேல போவும்."

அவன் சிரிப்பு நின்றது. உள்ளே ஏதோ பரபரவென்று ஓடி, கேபிள் நுழையும் ஓட்டை வழியாக வெளியே போனது. அப்புறம்தான் திறந்தேன். காரணம் கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். காரணம் சரியானதுதான். பழக்கம் மட்டும் என்னுடையது இல்லை, உங்களுடையது.

மத்தியானம் உங்கள் சபைச் செயலாளரிடமிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. பியானோவை மெட்ராசுக்கு அனுப்பப்போகிறார்களாம். உள்ளே இருக்கும் மின்சார இணைப்பை நான் வந்து எடுத்துவிட வேண்டுமாம். சாயங்காலம் போய்விட்டு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் எழுதும் வழக்கமெல்லாம் கிடையாது. உயிரோடு இருப்பவர்களுக்கே எழுதுவதில்லை.

*

உங்களை நான் முதலில் பார்த்தது புகார் கொடுக்க வந்தவராக. ஐப்பசி மழை. மின்வாரியத்தின் செக்‌ஷன் ஆபீஸ் வாசலில் குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே வந்தீர்கள். நான் பாலிடெக்னிக் முடித்து வேலைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

"பியானோ ஷாக் அடிக்குதுங்க" என்றீர்கள்.

ஃபோர்மேன் நிமிர்ந்து பார்த்தார். "பியானோன்னா இன்னாமா? ஆர்மோனியமா?"

"ஆர்மோனியம் இல்லிங்க. பெரிய பொட்டி. கோயில்ல இருக்குது."

"பொட்டிக்கு எதுக்குமா கரண்ட்டு? அதுவே பாடுமா?"

ஆபீசே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். மழை, ஈரத் தரை, ஷாக் மூன்றும் ஒரே ஆள் வாயிலிருந்து வந்தால் சிரிக்கக்கூடாது என்பது படித்த படிப்பு. சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்தேன்.

கோயில் என்று நீங்கள் சொன்னது மிஷன் பள்ளிக்கூடத்தை ஒட்டிய சின்ன தேவாலயம். நீங்கள் அந்தப் பள்ளியில் தையல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பியானோ வாசிப்பவர். பியானோ சுவரோரமாக நின்றது, நிமிர்த்தி வைத்த மர அலமாரி மாதிரி. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரம்மா சபைக்கு விட்டுப்போனது. அந்த அம்மா வீட்டில் உங்கள் அம்மா பாத்திரம் தேய்த்தார். நீங்கள் அங்கேயே வளர்ந்து, அந்தப் பெட்டியிலேயே வாசிக்கக் கற்றுக்கொண்டீர்கள். காஞ்சிபுரம் முழுக்கத் தேடினாலும் வேறு பியானோ கிடையாது.

கீழே பித்தளைப் பெடலில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

"செருப்பு போட்டுக்கினு வாசிச்சிருந்தா ஷாக் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

"கோயிலுக்குள்ள செருப்பா?" என்றீர்கள். கரண்ட் அடித்ததைவிட இந்த யோசனைதான் உங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. வெள்ளைக்காரம்மா காலணியோடு வாசித்தவர். பெடலில் எப்போதாவது கரண்ட் கசிந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் சபையில் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறவர்கள். ஈரத் தரையில் வெறுங்காலை ஊன்றி, இன்னொரு வெறுங்காலைப் பித்தளை மேல் வைத்தால் அடிக்காமல் என்ன செய்யும்?

மெயினை அணைத்துவிட்டுக் கீழ்ப்பலகையைக் கழற்றப் போனேன். "இரு தம்பி" என்று முன்னால் வந்து பலகையைத் தட்டினீர்கள்.

"என்ன பண்றீங்க?"

"உள்ள இருக்கறவங்க வெளிய போவ நேரம் குடுக்கணும்பா."

"எனக்கு நேரம் இல்லிங்க" என்று பலகையை இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு எலி என் கை வழியாக ஏறி, தோள் வழியாக இறங்கிப் போனது. நான் துள்ளி எழுந்ததில் தலை கீபோர்டின் அடியில் இடித்தது. எல்லாக் கம்பிகளும் ஒன்றாக முனகின.

"தட்னதுக்கு அப்புறம் கொஞ்சம் நிக்கணும்" என்றீர்கள். அவ்வளவுதான். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

உள்ளே பார்த்த ஏற்பாடு எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருந்தது. ஒரு கொக்கியில் பதினைந்து வாட் பல்பு தொங்கியது. பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். மழைக்காலத்தில் மரம் ஊறி, விரல் வைத்து வாசிக்கும் கட்டைகள் அழுத்தினால் எழாமல் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ராவும் பகலும் பல்பு எரிய வேண்டும். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து வெடிக்கும். அதற்கு டின்னில் தண்ணீர் ஊற்றி ஈரத்துணி தொங்கவிட வேண்டும். வெள்ளைக்காரம்மா சொல்லிவிட்டுப் போனதை நீங்கள் வருஷா வருஷம் தவறாமல் செய்துவந்தீர்கள். தத்துவம் சரிதான். ஆனால் எலியிடம் யாரும் சொல்லவில்லை. டின்னுக்குப் பின்னால் ஒரு கூடு. கம்பிகளை அடிக்கும் சுத்தியல்களிலிருந்து கடித்தெடுத்த சிவப்புக் கம்பளி, பாட்டுப் புத்தகத்தின் தாள், தெருவிலிருந்து பொறுக்கி வந்த கலர் கலரான பட்டுச் சிலும்பல். கூட்டுக்கு மேலே பல்பு ஒயர். ரப்பரைக் கடித்துக் கடித்துச் செம்பு வெளியே தெரிந்தது. அது பெடல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஷாக்கோட போச்சு. தீப் பிடிச்சிருந்தா கோயிலே இருந்திருக்காது" என்றேன்.

நீங்கள் குனிந்து கூட்டைப் பார்த்தீர்கள். "வெதுவெதுப்பு இருக்குது, தண்ணி இருக்குது, மெத்தை இருக்குது. சோறு மட்டும் போட்டா லாட்ஜுதான்" என்றீர்கள்.

"விஷம் வெக்கிறதுதானே?"

"வெச்சோம்பா ஒரு தபா. அது வெளிய போயி சாவல. உள்ளயே எங்கியோ பூந்துக்கினு செத்துப்போச்சு. ஈஸ்டர் அன்னிக்கு பாதிரி ஐயரு கைக்குட்டைய மூக்குல வெச்சிக்கினு 'உயிர்த்தெழுந்தார்'னு பிரசங்கம் பண்ணாரு."

அப்போதும் சிரிக்காமல்தான் சொன்னீர்கள். நான்தான் சிரித்தேன். அப்புறம், மனதில் பட்டதைச் சொன்னேன். "பழைய மரம், பழைய கம்பி. இத வித்துட்டு நல்லதா ஒரு ஆர்மோனியம் வாங்கிடுங்க."

"ஆர்மோனியம் வாசிக்க இந்தச் சபையில நாலு பேரு இருக்காங்க தம்பி. இத வாசிக்க நான் ஒருத்திதான். இது போச்சின்னா நான் தையல் டீச்சர், அவ்ளோதான்."

டிப்ளமாவில் அந்தப் பாடம் கிடையாது.

*

அன்று உங்கள் வீட்டில் டீ கொடுத்தீர்கள். கொடுப்பதற்கு முன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "எந்த ஊருப்பா நீ?" என்றீர்கள். மாகறல் என்றேன். கை அப்படியே நின்றது.

"நானும் உங்க ஊருதான். ஊருன்னா, அந்தப் பக்கம்." கொஞ்சம் நிறுத்தி, "குடிப்பியாப்பா?" என்றீர்கள்.

"சூடா இருந்தா குடிப்பேன்."

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது அப்பா கேட்டார்: "யாரு, தாவீது மவளா? நம்ம கழனில ஏர் ஓட்னவன்டா அவன். அவங்க வூட்லயா டீ குடிச்ச?"

"குடிச்சேன். அவங்க பியானோ வாசிக்கிறாங்க. நம்ம வம்சத்துல யாருக்குனா ஒரு விசில் ஒழுங்கா அடிக்க வருமா?"

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

ஷாக் அடித்த விஷயம் சபையில் பரவியது. செயலாளர் கெட்டவர் இல்லை. கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மெட்ராசில் ஒரு பள்ளிக்கூடம் பியானோவை விலைக்குக் கேட்டு அவரிடம் சொல்லி வைத்திருந்தது. "டீச்சர், பிள்ளைங்க தொடுற இடத்துல ஷாக் அடிக்கிற சாமான வெச்சிக்கினு இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் குறுக்கே புகுந்து, "ஷாக் இனிமே அடிக்காது. நான் எழுதிக் குடுக்கிறேன்" என்றேன்.

"எலி?"

"அதுவும் வராது."

"தம்பி, நீ கரண்ட்டுக்காரனா, எலிக்காரனா?" என்றார். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒழுங்காக வாசித்தால் பெட்டி இங்கேயே இருக்கட்டும். இடையில் இன்னொரு தரம் எலித் தொல்லை என்று வந்தால் லாரி வரும்.

நான் என் வேலையைச் செய்தேன். ஒயரை இரும்புக் குழாய்க்குள் விட்டேன். பல்புக்குக் கம்பிவலைக் கூண்டு போட்டேன். பெட்டியின் உலோகம் முழுவதற்கும் எர்த் கொடுத்தேன். அடிப்பக்கம் துத்தநாகத் தகடு. பெடல் வெளியே வரும் இடங்களில் தோல் வளையம். டின்னுக்குச் சல்லடை மூடி. ஓட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்தேன்.

நீங்கள் உங்கள் வேலையைச் செய்தீர்கள். அந்தப் பியானோவில் ஒவ்வொரு சுத்தியலுக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் உண்டு, அடித்த சுத்தியலைத் திரும்ப இழுக்க. அந்த ஸ்பிரிங்கின் முனை ஒரு சின்ன நூல் வளையத்தில் மாட்டியிருக்கும். வளையம் அறுந்தால் சுத்தியல் ஒரு தரம் அடித்துவிட்டு அங்கேயே சாய்ந்து நிற்கும். அடுத்த தரம் கட்டையை அழுத்தினால் சத்தமே வராது. பாதி வளையங்கள் இற்றுப்போயிருந்தன. மெட்ராசிலிருந்து வந்த டியூனர், "பட்டு நூல்தான் போடணும், சீமையிலருந்து வரவழைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை.

"காஞ்சிபுரத்துல குந்திக்கினு பட்டு நூலு சீமையிலருந்து வர வெக்கணுமாம்" என்று எனக்குத் தெரிந்து முதல் தரமாக வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

தெருக்கோடியில் முனிரத்தினம் வீடு. வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடிந்ததும் மிஞ்சும் நுனி நூலை ஒரு கைப்பிடி கொடுத்தார். "எங்க பட்டு கல்யாணப் பொண்ணுங்க மேலதான் ஏறும் டீச்சரம்மா. இப்போ சுத்தியல் மேலயும் ஏறுது. நடக்கட்டும்" என்றார். நல்ல முறுக்கான வெள்ளை நூல், விறைப்பாக நின்றது. தையல் ஊசியில் கோத்து, அறுந்த வளையங்களுக்கெல்லாம் புது வளையம் கட்டினீர்கள். நான் டார்ச் பிடித்தேன். என்னால் ஒரு வளையம்கூடக் கட்ட முடியவில்லை, பொறுமை போய்விட்டது. "நீ டார்ச்ச மட்டும் ஆட்டாம புடி" என்றீர்கள்.

*

கொஞ்ச நாள் எல்லாம் சரியாக இருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்து ஆயாவை என் ரூமுக்கு அனுப்பினீர்கள். "டீச்சரம்மா உன்ன இட்டாரச் சொன்னாங்க. பொட்டி ஊமையாப் பூட்ச்சாம்."

வந்து பார்த்தால், நடுவில் ஒரு பகுதி முழுக்கச் செத்துக் கிடந்தது. அழுத்தினால் ஒரு 'டக்'. அப்புறம் ஒன்றுமில்லை. மேல்மூடியைத் திறந்தேன். சுத்தியல்கள் கம்பி மேல் சாய்ந்து நின்றன, கள்ளுக்கடை வாசல் ஆட்கள் மாதிரி. வளையங்கள் அறுபட்டிருந்தன. பக்கத்தில் கடுகு மாதிரிப் புழுக்கை. பெரிய எலி இல்லை, சுண்டெலி. கீபோர்டின் ஓரத்தில் பென்சில் நுழையும் இடுக்கு ஒன்றை நான் விட்டிருந்தேன். அது போதுமாம் அதற்கு.

செயலாளர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். "போதும் டீச்சர். நீங்களும் எவ்ளோதான் பண்ணுவீங்க?" என்றார். அதட்டியிருந்தால் நீங்கள் பதில் பேசியிருப்பீர்கள். அவர் பரிவாகப் பேசிவிட்டார். நீங்கள் முந்தானையால் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். தூசி இல்லாத கட்டைகளை.

எனக்குக் கோபம் வந்தது. எலி மேல், இடுக்கு மேல். ஆனால் கோபத்தோடு பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. அறுபட்டவை எல்லாம் புது வளையங்கள். பக்கத்திலேயே வெள்ளைக்காரம்மா காலத்துப் பழைய வளையங்கள், தொட்டால் உதிரும் நிலையில் இருந்தவை, ஒன்றுகூடக் கடிபடவில்லை. இற்ற நூலை விட்டுவிட்டு உறுதியான நூலை மெனக்கெட்டுக் கடிக்க எலிக்கு என்ன பைத்தியமா?

ஒரு துண்டு நூலைப் பிய்த்து நாக்கில் வைத்தேன்.

"கருமம்! எலி வாய் வெச்சதுப்பா அது!" என்று என் கையைத் தட்டினீர்கள்.

"டீச்சர், பள்ளிக்கூடத்துல டிங்சர் இருக்குதா? காயத்துக்குப் போடுவீங்களே, அயோடின்?"

"நாக்குல காயமா?"

"கொண்டாங்க, சொல்றேன்."

முதலுதவிப் பெட்டியிலிருந்து பாட்டில் வந்தது. ஒரு வெள்ளைத் தாளில் பழைய வளையம் ஒன்று, புது நூல் ஒரு துண்டு. இரண்டின் மேலும் ஒரு சொட்டு விட்டேன். பழையது பழுப்பாகவே இருந்தது. புது நூல் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது.

"இன்னாபா இது?" என்றார் செயலாளர்.

"கஞ்சி."

அந்தத் தெருவில் தினம் காலையில் பாவு நீட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் காயவைக்கிறார்கள். பாவு நூல் விறைப்பாக நிற்பதே அதனால்தான். நீங்கள் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறீர்கள். நான் அதற்குள் புகுந்துதான் சைக்கிள் ஓட்டுகிறேன். ஊர் முழுக்கக் கஞ்சி வாசனை இருப்பதால் நூலில் இருந்த கஞ்சி ஒருவர் மூக்குக்கும் தெரியவில்லை. சீமையில் இருப்பவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவனுக்குக் காஞ்சிபுரத்துப் பாவு கிடைத்திருக்காது.

கருநீல நூலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் மெல்ல, "சோறும் போட்டுட்டோம்" என்றீர்கள்.

செயலாளருக்கு லாட்ஜு கதை தெரியாது. நாம் இருவரும் எதற்கு அப்படிச் சிரித்தோம் என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக் குழம்பித்தானோ என்னவோ, "சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும்னு சொல்லிட்டேன். அது வரைக்கும் பாக்கலாம்" என்று போய்விட்டார்.

முனிரத்தினம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எங்க பட்ட எலி துன்னுதா? நல்லாச் சொன்ன போ! எங்க தறியில இதுவரைக்கும் எலி வாய் வெச்சதில்ல தெரியுமா கரண்ட்டு தம்பி?"

அப்போது தறிக்குழிக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பூனை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வந்தது.

"அது வெக்காது" என்றேன்.

அவர் பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொண்டு போய்க் கட்டிக்கோ" என்றார். நூலையா பூனையையா என்று கேட்கவில்லை. நூலை எடுத்துக்கொண்டேன்.

வெந்நீரில் ஊறவைத்து, பூந்திக்கொட்டை நுரையில் அலசி, திரும்பத் திரும்ப டிங்சர் சொட்டு விட்டு, நீலம் வராத வரைக்கும் அலசினோம். கஞ்சி போன நூல் துவண்டு போயிருந்தது. ஊசிக் காதில் நுழைய மறுத்தது. நீங்கள் எச்சில் தொட்டுக் கோத்தீர்கள். "இந்த எச்சிலுக்கு வந்தா?" என்றேன். "வந்தா என்னைக் கேட்டுக்கோ" என்றீர்கள். பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் ஒவ்வொரு சாயங்காலமும் வளையம் கட்டினீர்கள். விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தது. நான் டார்ச்சை ஆட்டாமல் பிடித்தேன். இடுக்கைத் தகரம் வெட்டி அடைத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கோயில் நிறைய ஜனம். செயலாளர் முன் வரிசை. நீங்கள் புதுப்புடவையில் வந்து, பியானோவின் மூடியை விரல் முட்டியால் தட்டினீர்கள். தட்டிவிட்டு நின்றீர்கள். முன் வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நீங்கள் நின்றுகொண்டேதான் இருந்தீர்கள், யார் சிரித்தாலும் நிற்க வேண்டிய அளவுக்கு. அப்புறம் திறந்து வாசித்தீர்கள்.

எனக்குப் பாட்டு தெரியாது. நல்லா வாசித்தீர்களா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. ஒவ்வொரு சுத்தியலும் அடித்துவிட்டுத் திரும்புகிறதா? அதை மட்டும்தான். திரும்பின. எல்லாமே திரும்பின.

வெளியே வந்தபோது செயலாளர் கேக் தட்டோடு நின்றார். "இருக்கட்டும்" என்றார். கேக்கைச் சொன்னாரா, பியானோவைச் சொன்னாரா என்று நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "ரெண்டும்தான்" என்று அவரே சொன்னார்.

*

அதன்பின் நீங்கள் வாசித்த வருஷங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மழைக்கு முன்னால் வந்து பல்பைப் பார்ப்பேன், கோடைக்கு முன்னால் டின்னைப் பார்ப்பேன். டீ சூடாக இருக்கும். இடமாற்றல் வந்த பிறகு அதுவும் குறைந்தது. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லி அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிறுகூட வாசித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

உங்கள் அடக்கத்தன்று பாட்டு ஆர்மோனியத்தில்தான் நடந்தது. நாலு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னீர்களே, அதில் ஒருவர் வாசித்தார். எல்லோரும் கல்லறைக்குப் போனபோது நான் பின்தங்கி, பியானோவின் கீழ்ப்பலகையைத் திறந்தேன். பல்பு ஃபியூஸ் போயிருந்தது. வெளியே மழை. கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து மாட்டிவிட்டுத்தான் கல்லறைக்கு வந்தேன். மண் போட்டு முடித்திருந்தார்கள். செயலாளர் என் கையிலிருந்த அழுக்கைப் பார்த்தார். "வாசிக்க ஆள் இல்லாத பொட்டிக்கு எதுக்குபா விளக்கு?" என்று கேட்டார். "மழை பெய்யுது சார்" என்றேன்.

இன்று மத்தியானம் போனில் பேசும்போது அவர் குரல் தயங்கியது. "நீ கோச்சிக்குவியோன்னு பாத்தேன்" என்றார். எதற்குக் கோபம்? மெட்ராஸ் பள்ளியில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களாம். யாரும் தொடாத சாமான் சும்மா நிற்பதைவிட அது மேல். நீங்கள் இருக்கும் வரை அது இங்கே இருந்தது. நீங்கள் கேட்டது அவ்வளவுதான். அது நடந்தது. கூரைக்கும் இந்தத் தரம் ஓடு மாற்றப் போகிறார்களாம்.

சாயங்காலம் போனேன். செருப்பை வாசலில் விட்டேன். மூடியைத் தட்டினேன், கொஞ்சம் நின்றேன், திறந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். செயலாளர் பின்னால் வந்து, "அட, உனக்கு வாசிக்க வருமா?" என்றார். "டெஸ்ட் பண்றேன் சார்" என்றேன். எல்லாச் சுத்தியலும் திரும்பி வந்தன. நீங்கள் கட்டிய வளையம் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

உங்கள் தையல் பெட்டியிலிருந்து பள்ளிக்கூடத்தில் எடுத்து வைத்திருந்த அலசிய நூல்கண்டைக் கேட்டு வாங்கி, உள்ளே ஒரு ஆணியில் மாட்டினேன். லாரியோடு வந்த மெட்ராஸ்காரரிடம், வளையம் அறுந்தால் இதையே போடச் சொன்னேன், கடை நூல் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். "எலி" என்றேன். மேற்கொண்டு விளக்கப் பொறுமை இல்லை.

அப்புறம் மெயினை அணைத்து, ஒயரைக் கழற்றி, பல்பை எடுத்தேன். சூடாக இருந்தது. கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு ஆறும் வரை நின்றேன்.

அந்தப் பல்பைத்தான் இப்போது என் மேசை விளக்கில் போட்டிருக்கிறேன். பதினைந்து வாட், டீச்சர். எழுதப் போதவில்லை.